ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கம்

பிளஸ் ஒன் இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் எனக்குப் பிடித்தது கோடு போடாத இடப்பக்கம். வலப்பக்கத்தில் மையால் எழுதும் நோக்கமும் செய்முறையும் வகுப்பு முழுக்க ஒன்றுபோலவே இருக்கும். பென்சிலில் படமும் அட்டவணையும் ஏறும் இடப்பக்கம்தான் அந்தந்த மாணவிக்கே உரியது.

தனி ஊசல் சோதனையைப் பாருங்கள். ஒரு மீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 2 நொடி. ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரல் 0.2 நொடி பிந்தினாலே 10 சதவீதப் பிழை. 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்து 20-ஆல் வகுத்தால் அதே பிழை அரை சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. எவ்வளவு அழகான யோசனை! செய்முறையில் இந்தக் காரணத்தையும் ஒரு வரி எழுதியிருந்தால் படிக்கவே இன்பமாக இருக்கும்.

இந்த ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும்போது 9.62 வந்தால் 9.62 என்றே எழுத வேண்டும். 9.8-க்காகத் திருத்திய அட்டவணை பார்த்தவுடன் தெரியும். எண்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக நிற்கும். குறைந்து வந்த மதிப்போ பேசும். நூலின் நீளத்தோடு ஊசல் குண்டின் ஆரத்தைக் கூட்டினாயா என்று ஆசிரியர் அதை வைத்துத்தான் கேட்க முடியும்.