போர் விளையாட்டும் வரலாற்று உண்மையும்

பண்டைய போர் ஒன்றைத் தொலைக்காட்சியில் மீண்டும் நடத்திக் காட்ட இயலுமா? பிரிட்டனின் பி.பி.சி. 2003ஆம் ஆண்டில் அதற்கு முயன்றது. 'டைம் கமாண்டர்ஸ்' என்னும் அந்நிகழ்ச்சியில், பொதுமக்கள் நால்வர் படைத்தலைவர்களாக அமர்ந்து கட்டளையிட்டனர். கணிப்பொறி இயக்குவோர் அவற்றை நிறைவேற்ற, திரையில் படைகள் மோதின. உண்மைப் போர் எவ்வாறு நடந்தது என்பதை வல்லுநர்கள் விளக்கினர். 2004இல் விற்பனைக்கு வந்த 'ரோம்: டோட்டல் வார்' என்ற வீடியோ விளையாட்டின் நிரலே இதற்கு அடிப்படை.

இவ்விளையாட்டில் வரலாற்றுப் பிழை உண்டா என்றால், உண்டு. அதன் கதை கி.மு. 270இல் தொடங்குகிறது. அப்போது எகிப்தை ஆண்டது மாசிடோனிய வழிவந்த தாலமி மரபு. விளையாட்டிலோ பல நூற்றாண்டுகளுக்கு முந்திய ஃபாரோக்களின் கோலத்தில் தேர்ப்படை வருகிறது. வரலாறு அறிந்த ஆர்வலர்கள் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய வடிவங்களையும் உருவாக்கினர்.

உடைப் பிழை கண்ணுக்குத் தெரியும், தெரிந்தவர் திருத்திவிடலாம். கணக்குப் பிழை அவ்வாறு தெரியாது. ஒவ்வொரு வீரனுக்கும் மதிலுக்கும் நிரல் எழுதியவர் ஒரு வலிமை எண்ணைத் தருகிறார். வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை அந்த எண்களே. பார்ப்பவர்களாகிய நாமோ, 'போர் இப்படித்தான் நடந்திருக்கும்' என்று நம்பிவிடுகிறோம்.

நம் பக்கத்துப் போர் ஒன்றைக் கொண்டு இதைச் சோதிப்போம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ளது பாஞ்சாலங்குறிச்சி. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார், கோட்டையும் இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை அதை மீண்டும் எழுப்பினார். அது மண் கோட்டைதான். ஆயினும் மார்ச் 31ஆம் நாள் கும்பெனிப் படை பீரங்கிகளுடன் தாக்கித் தோற்றது. மேலும் படையும் பீரங்கியும் வந்த பின்னர், மே 24ஆம் நாளில்தான் கோட்டை வீழ்ந்தது.

'மண் சுவர், ஆகவே குறைந்த எண்' என்று எழுதினால் கணிப்பொறியில் கோட்டை முதல் நாளே விழும். கல் மதில் குண்டு பட்டால் பிளக்கும். தடித்த மண் சுவரோ குண்டின் விசையை உள்வாங்கிக்கொள்ளும். இந்த இயற்பியல் நிரலில் இல்லையேல், படம் எவ்வளவு அழகாயினும் முடிவு பொய்யே.

தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பிய வறண்ட பூமி. கோடையில் 3,000 வீரர்களும் 1,000 வண்டி மாடுகளும் குமாரலிங்கபுரத்தில் தங்குவதாகக் கொள்வோம். ஆளுக்கு 5 லிட்டர், மாட்டுக்கு 30 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 45,000 லிட்டர் வேண்டும். கண்மாய் வற்றியிருந்தால் அந்தப் படை எவ்வளவு நாள் நிற்கும்? மழை பெய்தாலோ கரிசல் மண்ணில் பீரங்கிச் சக்கரம் புதையும். திரைப் போரோ படைகள் அணிவகுத்த பிறகே தொடங்குகிறது.

2022இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் இந்தியத் தொகுப்பில் இராசேந்திர சோழனின் படையெடுப்பு இடம்பெற்றது. கடற்படையை முன்னிறுத்தி நம் வரலாற்றை உலகெங்கும் கொண்டு சென்றது பாராட்டத்தக்கதே. ஆனால் அதிலும் ஒரு வீரனை உருவாக்கும்போது உணவு செலவாகிறது. பிறகு அவன் எத்தனை நாள் போரிட்டாலும் உண்பதில்லை, குடிப்பதுமில்லை. கடல் கடந்த படையெடுப்பின் பெருஞ்சிக்கலே இதனால் மறைந்துபோகிறது.

விளையாட்டுகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பதல்ல நம் கருத்து. அவற்றை ஆய்வுக் கருவியாக்கலாம். ஒரே போரைப் பலமுறை நடத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை மட்டும் சிறிதே மாற்றுங்கள். எத்தனை முறை மாற்றினாலும் முடிவு நிலைத்தால், அது ஓரளவு நம்பத்தக்கது. சிறு மாற்றத்திற்கே முடிவு தலைகீழானால், நீங்கள் கண்டது வரலாறன்று, அந்த எண்ணின் விளைவே. தொலைக்காட்சி நிறுவனங்களும் ஒரே ஒரு மோதலைக் காட்டி நிறுத்தாமல், பயன்படுத்திய எண்களையும் வெளியிட வேண்டும். அப்போதுதான் பார்ப்பவர் கேள்வி கேட்க முடியும்.