போக்காடு

விளையாட்டைப் பற்றி எழுதுவது இந்த மாதிரிப் பத்திரிகைகளில் வழக்கமில்லை. அது ஜனரஞ்சகக்காரர்கள் பாடு என்று விட்டுவிட்டோம். ஜனங்கள் கூட்டமாகச் சேர்ந்து தங்களை மறக்கும் இடங்கள் என்று நாம் ஓயாமல் பேசியதெல்லாம் அரசியல் மேடையும் சினிமாக் கொட்டகையும்தான். மைதானம் தப்பித்துவிட்டது. அலெக்ஸ் கிப்னியின் 'கேட்சிங் ஹெல்' என்ற ஆவணப்படத்தை (2011) மிகத் தாமதமாகப் பார்த்தபோது இது எனக்கு உறைத்தது. படம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என்னை விடவும் இல்லை. இரண்டுக்கும் காரணம் சொல்ல முயல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சிகாகோவின் 'கப்ஸ்' என்ற பேஸ்பால் அணி 1908க்குப் பிறகு பட்டம் வென்றதில்லை; 1945க்குப் பிறகு இறுதித் தொடரையே (அமெரிக்கர்கள் தங்களுக்கே உரிய அடக்கத்தோடு அதை 'உலகத் தொடர்' என்பார்கள்) எட்டியதில்லை. 2003 அக்டோபர் 14 இரவு, சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில், ஃப்ளோரிடா மார்லின்ஸ் அணிக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் 3-0 என்று முன்னால் நிற்கிறார்கள். இன்னும் ஐந்து பேரை அவுட்டாக்கினால் இறுதித் தொடர். லூயிஸ் காஸ்டிலோ அடித்த பந்து கோட்டுக்கு வெளியே, இடப்பக்கப் பார்வையாளர் வரிசையின் ஓரத்தில் உயர்ந்து இறங்குகிறது. மொய்செஸ் அலூ சுவரோரம் எகிறிக் கையை நீட்டுகிறார். மேலிருந்தும் பல கைகள் நீள்கின்றன. அவற்றில் ஒன்றில் பட்டுப் பந்து விலகிப் போகிறது. அலூ கையுறையை உதறிக் கத்துகிறார்.

அந்தக் கைக்குரியவருக்கு 26 வயது. தலையில் கப்ஸ் தொப்பி, காதில் ரேடியோவின் ஹெட்போன். பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு ஊரே வசைச்சொல்லாக ஆக்கிவிட்ட பெயர் அது. அவரோ அதைக்கொண்டு ஒரு காசும் சம்பாதிக்க மறுத்து, பேட்டி எதுவும் தராமல் ஒதுங்கிக்கொண்டவர். ஒரு தமிழ்ச் சிறுபத்திரிகையில் பெயர் வந்துவிட்டதால் அவருக்கு ஒரு கேடும் விளையாது என்பது தெரியும். ஆனாலும்.

இரண்டு சங்கதிகளைக் கிரிக்கெட் பழகிய நமக்குச் சொல்லியாக வேண்டும். நம் மைதானத்தில் கூட்டத்துக்குள் விழுந்த பந்தைத் திருப்பி எறிந்துவிட வேண்டும். பேஸ்பாலில் அதைப் பிடித்தவன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சிறு பையன்கள் கையுறை மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வருவதே இதற்காகத்தான். ஆகவே கையை நீட்டும்படி அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த விளையாட்டுதான். மற்றது, பந்து சுவரைக் கடந்து பார்வையாளர் பக்கம் வந்துவிட்டது, குறுக்கீடு எதுவுமில்லை என்று அங்கிருந்த நடுவர் தீர்மானித்தார். சட்டப்படி குற்றமே நடக்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை: பந்துவீசிய மார்க் ப்ரயர் தடுமாறினார். சுலபமாக எடுத்திருக்க வேண்டிய ஒரு பந்தை ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கொன்சாலஸ் நழுவவிட்டார். அந்த ஒரு இன்னிங்ஸில் எட்டு ரன்கள். ஆட்டம் 8-3 என்று போயிற்று. மறுநாள் ஏழாவது ஆட்டம் பாக்கியிருந்தது. அதையும் 9-6 என்று தோற்றார்கள். இத்தனையும் சம்பளம் வாங்குகிறவர்கள் செய்தவை. ஆனால் டிக்கெட் வாங்கியவரைத்தான் காவலர்கள் சூழ்ந்து, பீரும் வசவும் மேலே வந்து விழ, முகத்தை மறைத்து வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது.

படத்தின் ஆகச் சிறந்த பகுதி இங்கேதான் இருக்கிறது. அன்று ரிக்லி ஃபீல்டில் நிகழ்ச்சிகளைத் திருப்பிக் காட்டும் பெரிய திரை கிடையாது (2015ல்தான் வந்தது). உள்ளே இருந்த சுமார் 40,000 பேரில் பெரும்பாலோர் யார் கை பட்டது என்று கண்டிருக்கவே முடியாது. ஆனால் தொலைக்காட்சி அந்தச் சில விநாடிகளைத் திரும்பத் திரும்பக் காட்டியது. மைதானத்துக்கு வெளியே தெருவில் கூடியவர்கள் சிறிய டி.வி. பெட்டிகளில் அதைப் பார்த்தார்கள். கூச்சல் வெளியே கிளம்பி உள்ளே போயிற்று. செல்ஃபோன்களில் செய்தி போயிற்று. கோபம் முதலில் இருந்தது, அதற்கு ஒரு முகம் பிறகுதான் கிடைத்தது. கூட்டத்துக்குக் கண்ணில்லை, கண்ணை வேறு யாரோ கொண்டுவந்து பொருத்துகிறார்கள். கிப்னி இதைப் பொறுமையாக, படிப்படியாக நிறுவுகிறார். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அதே கிப்னி அடுத்தபடியாகச் செய்வது என்ன? அந்த விநாடிகளை அவரும் காட்டுகிறார். மெதுவாக, நிறுத்தி, பெரிதாக்கி, இன்னொரு கோணத்தில், மறுபடி. நியாயம் வழங்குவதற்காகத்தான். பக்கத்தில் எத்தனை கைகள் நீண்டன பாருங்கள், அவர் மட்டுமா, என்று நிரூபிக்க. எண்ணம் உயர்ந்தது, கருவி அதே பழைய கருவி. பிடிக்கப்பட்ட ஆளை மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்த்தி, அதே பந்தை அவர்மேல் இறக்குகிறது படம். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையின் காவலில் செத்துப்போன ஒரு டாக்ஸி டிரைவரைப் பற்றி 'டாக்ஸி டு த டார்க் சைட்' எடுத்த கலைஞர் இவர். காமிராவும் ஓர் ஆயுதம் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

இன்னொரு குறை அடிப்படையானது. கிப்னி பாஸ்டன் அணியின் ரசிகர். 1986 இறுதித் தொடரில் பில் பக்னரின் கால்களுக்கிடையே பந்து புகுந்து போனதில் படத்தைத் தொடங்குகிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார். பக்னர் ஆட்டக்காரர். பந்தை எடுப்பது அவர் தொழில், எடுக்கவில்லை. 1950ல் மரக்கானாவில் உருகுவேயிடம் கோல் வாங்கிய பிரேசில் கோல்கீப்பர் பார்போசாவும் அப்படியே. சாகும்வரை அதைச் சுமந்தார். 1994ல் சொந்த அணிக்கே எதிராகக் கோல் போட்டுவிட்டு ஊர் திரும்பிய கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபாரைச் சுட்டே கொன்றார்கள். கொடுமைகள்தாம். ஆனால் அவற்றில் ஒரு கோணலான தர்க்கமாவது இருக்கிறது: நம்பி ஒப்படைத்தோம், கைவிட்டான் என்பது. பார்வையாளரிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை. பின் ஏன் அவர்?

எனக்குத் தோன்றுவது இது. ரசிகன் என்பவன் பார்க்கிறவன் மட்டுமில்லை. தான் பார்ப்பதால்தான் ஆட்டம் நடக்கிறது என்று உள்ளூர நம்புகிறவன். 'நாம் ஜெயித்தோம்' என்கிறான். போன தடவை ஜெயித்தபோது போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறான். சதத்தை நெருங்கும்போது இடம் மாறி உட்காருவதில்லை, மூத்திரத்தை அடக்கிக்கொள்கிறான். கேட்டால் சிரிப்பான், பகுத்தறிவுவாதியாகக்கூட இருப்பான். ஆனால் எழுந்திருக்க மாட்டான். ரிக்லி ஃபீல்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் விருப்பத்தின் பலத்தால் ஆட்டத்தை வளைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரே ஒருவருக்கு அந்தப் பிரார்த்தனை பலித்தது. அவர் கை உண்மையிலேயே ஆட்டத்தைத் தொட்டது. தொட்டதும் தெரிந்துவிட்டது, தொடுகிற சக்தி கெடுக்கிற சக்தியும்தான் என்று. நீண்ட கை தங்களுடையது என்பதால்தான் அதை வெட்டியெறிய அத்தனை அவசரம்.

ரெனே ஜிரார் 1982ல் இந்தப் பொருள் பற்றியே ஒரு நூல் எழுதினார். பழி சுமத்துகிறவர்களுக்குத் தாங்கள் பழி சுமத்துகிறோம் என்ற பிரக்ஞை இருப்பதில்லை, அது இருந்தால் அந்தக் காரியமே நடக்காது என்பது அவர் பார்வை. சிகாகோ இதை வினோதமாகப் பொய்யாக்குகிறது. அங்கே எல்லாருக்கும் தெரிந்தேதான் நடந்தது. 'ஸ்கேப்கோட்' என்ற வார்த்தையைப் பத்திரிகைகள் சொல்லிக்கொண்டேதான் துரத்தின. இல்லினாய் ஆளுநர் அவரை வைத்து ஜோக் அடித்தார். அந்தப் பந்தை ஒரு சிகாகோ உணவு விடுதிக்காரர்கள் 1,13,824 டாலருக்கு ஏலத்தில் எடுத்து 2004 பிப்ரவரியில் பலர் முன்னிலையில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மறு வருஷம் அதன் மிச்சத்தை வேகவைத்து, ஆவியைப் பிடித்து, சாஸில் கலந்து பரிமாறினார்கள். நாம் இதைப் பிரசாதம் என்போம். அவர்கள் விளம்பரம் என்றார்கள். தெரிந்து செய்தால் சடங்கு நீர்த்துப்போகும் என்று ஜிரார் நம்பியது அறிவுஜீவியின் நம்பிக்கை.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'பலிகடா' என்று தமிழில் சுலபமாக எழுதிவிடுகிறோம். அது தப்பு. லேவியராகமத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் வருகின்றன. சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுகிறார்கள். மற்றதன் தலையில் ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவங்களையெல்லாம் சொல்லி, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். அதற்குத் தமிழ் விவிலியத்தில் 'போக்காடு' என்று பெயர். அருமையான சொல், புழக்கத்தில் இல்லாமல் போய்விட்டது. பலிகடாவுக்கு ஒரு வெட்டு. போக்காட்டுக்கு உயிர் போவதில்லை. அது பாட்டுக்கு எங்கோ மேய்ந்துகொண்டிருக்க வேண்டும், திரும்பி மட்டும் வரக்கூடாது. (சிகாகோவிலேயே நிஜமான ஆடு ஒன்று உண்டு. 1945 இறுதித் தொடருக்கு ஒரு மதுக்கடைக்காரர் தன் ஆட்டை அழைத்து வந்தாராம், நாற்றமடிக்கிறதென்று வெளியேற்றினார்களாம், அவர் சாபமிட்டாராம். அந்த மைதானத்திலிருந்து விரட்டப்பட்ட முதல் பார்வையாளர் ஆடுதான்.)

இவ்வளவையும் சிகாகோக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டு எழுந்துவிடலாம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். ஜெயிக்க 271. முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 எடுத்து, இன்னும் 17 ரன்கள் இருக்கையில் தூக்கி அடித்து வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்தார். பிறகு நாலே ரன்னில் எல்லாம் முடிந்தது. 12 ரன்னில் தோல்வி. ஜெயித்த பாகிஸ்தான் அணிக்குச் சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சென்னைக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்கள். பூரிக்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. அப்பாவின் அக்கா எங்களோடு இருந்தார். முப்பது வயதுக்குள் கணவனை இழந்தவர். வானொலியில் தமிழ் வர்ணனை கேட்டுக் கேட்டே கிரிக்கெட் கற்றவர். எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அன்றும் சமையலறையில் டிரான்சிஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயித்துவிடுவோம் என்று ஆனதும், அந்தக் கடைசி ரன்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கூடத்து நிலைப்படியில் வந்து நின்றார். அடுத்த ஓவரோ அதற்கடுத்ததோ, டெண்டுல்கர் போனார்.

"நீங்க வந்து நின்னீங்க, போச்சு பாருங்க அத்தே."

சொன்னது நான்தான். 24 வயது. கையெழுத்துப் பிரதியில் ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். மூடநம்பிக்கை பற்றி அதில் எழுதியும் இருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தம்பி என் பக்கம் தலையாட்டினான். ஒரு விதவை வந்து நின்றதைப் பற்றித் தமிழ் வீட்டில் இப்படிச் சொன்னால் அது கிரிக்கெட்டைப் பற்றிய பேச்சாக நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இது ஜிராருக்கு எதிராக என்னிடமுள்ள இரண்டாவது சாட்சியம். அத்தை திரும்பிப் போய் அரிசி களைந்தார். டிரான்சிஸ்டர் சத்தம் மட்டும் நின்றிருந்தது.

கப்ஸ் அணி 2016ல் ஒருவழியாகப் பட்டம் வென்றது. அடுத்த வருஷம் ஜூலையில் வெற்றியாளர்களுக்கான மோதிரம் ஒன்றை அந்தப் பார்வையாளருக்கும் கொடுத்தார்கள். பத்திரிகைகள் நெகிழ்ந்தன. எனக்கு அது ஆபாசமாகப் பட்டது. ஜெயித்த பிறகுதானே கொடுக்க முடிந்தது? தோற்றுக்கொண்டே இருந்திருந்தால் மேய்ச்சல் தொடர்ந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் மன்னிப்பு வழங்கினார்கள். அவரும் அதை ஏற்றுக்கொண்டு, இந்தக் கௌரவத்துக்குத் தான் தகுதியானவன் என்று நினைக்கவில்லை என்ற பொருளில் ஓர் அறிக்கை தந்தார். 2003லேயும் மறுநாளே வருத்தம் தெரிவித்தவர் அவர்தான், கொன்சாலஸின் கையிலிருந்து நழுவிய பந்துக்கும் சேர்த்து. அந்த அறிக்கையின் பணிவைப் பலரும் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு வேறொன்று கேட்டது. தலைமேல் கை வைத்துச் சொன்னதையெல்லாம் ஆடு நம்பிவிட்டது.

2011 ஏப்ரல் 2, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். வீடு நிறையக் கூட்டம். அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முட்டி வலி. கடைசி ஓவர்கள் வந்தபோது நான்தான் சமையலறைக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"நான் வரல்லேப்பா. ஜெயிக்கட்டும்" என்றார்.

வற்புறுத்தியிருக்கலாம். பதினோரு பந்தில் நாலு ரன் வேண்டியிருந்தது. நான் கூடத்துக்குத் திரும்பி, முன்பு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.