தாழ்த்திய துப்பாக்கியும் திறந்த பேரேடும்: ஃபாக்னரின் 'கரடி' குறித்து ஒரு நோக்கு

வேட்டை பற்றிய எழுத்தில் வாசகரின் மதிப்பைப் பெறுபவன் பெரும்பாலும் சுட்டு வீழ்த்தியவன் அல்லன். சுட வாய்ப்பிருந்தும் சுடாமல் விட்டவனே. ஆயுதத்தைத் தாழ்த்தும் அந்தக் கணம் அவனது கருணைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இம்மதிப்பீடு எந்த அளவுக்குச் சரியானது? அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் 1942இல் வெளியிட்ட 'கோ டவுன், மோசஸ்' என்னும் நூலின் மையமாக அமைந்த 'கரடி' எனும் நெடுங்கதை இவ்வினாவை ஆழமாக எழுப்புகிறது. அதனை அணுகுமுன், அக்கதையின் களமான மிசிசிப்பி மாநிலத்தில் உண்மையில் நடந்த ஒரு வேட்டையை நினைவுகூர்தல் பொருத்தமானது.

1902 நவம்பரில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அங்கே கருங்கரடி வேட்டைக்குச் சென்றார். வேட்டைக்கு வழிகாட்டியவர் அடிமையாகப் பிறந்து பின்னர் விடுதலை பெற்ற ஹோல்ட் கோலியர் என்னும் கறுப்பினத்தவர். அவருடைய நாய்கள் ஒரு கரடியை வளைத்துக்கொண்ட வேளையில், குறித்த இடத்தில் ஜனாதிபதி இல்லை. நாய்களைத் தாக்கிய கரடியைக் கோலியர் தம் துப்பாக்கியின் அடிப்புறத்தால் அடித்து, கயிற்றால் மரத்தில் கட்டி வைத்தார். வந்து பார்த்த ரூஸ்வெல்ட், கட்டப்பட்ட விலங்கைச் சுடுவது வேட்டைக்காரனுக்கு இழுக்கு என மறுத்தார். விலங்கைக் கட்டி வைத்து அம்புக்கு இலக்காக்குவதை நபிகளார் (ஸல்) தடுத்த செய்தியை அறிந்த நம் வாசகருக்கு இம்மறுப்பு உடனே பிடித்துப்போவது இயல்பே. கிளிஃபர்ட் பெரிமன் வரைந்த கேலிச்சித்திரத்தால் அது நாடெங்கும் புகழ் பெற்றது. 'டெடி' என்னும் பொம்மைக் கரடியும் அதிலிருந்தே பிறந்தது.

ஆயின் அந்தக் கரடி பிழைக்கவில்லை. அதன் வேதனையை முடித்து வைக்குமாறு ரூஸ்வெல்ட் பணித்தார். வேறொருவர் கையால் அது கத்திக்கு இரையானது. கருணையின் புகழ் ஒருவருக்கும், அதன் உழைப்பும் குருதியும் பிறருக்கும் என்றாயிற்று.

இங்கு ஆயுதத்தைப் பற்றியும் ஒரு சொல் அவசியமாகிறது. அக்கால அமெரிக்க வேட்டைக்காரரின் கையில் இருந்தது வின்செஸ்டர் போன்ற நெம்புகோல் துப்பாக்கி. 1894ஆம் ஆண்டு மாதிரி இவ்வகையில் மிகப் பெயர் பெற்றது. அதன் குழலுக்குக் கீழே உள்ள மற்றொரு குழாயில் தோட்டாக்கள் வரிசையாகக் கிடக்கும். விசையை அடுத்துள்ள இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மீண்டும் மேலே இழுத்தால், வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். அடுத்த தோட்டா உள்ளே சென்று அமரும். அத்துணை விரைவான கருவியாயினும், அடர்ந்த நாணற் புதர்க் காட்டில் சில அடிகளுக்கு அப்பால் எதுவும் புலப்படாத நிலையில், அது தனித்து எதையும் சாதிப்பதில்லை. தடத்தை அறிந்தவரும் நாய்களைப் பழக்கியவருமே வேட்டையை நடத்துகின்றனர். துப்பாக்கி அதன் இறுதி வரியை எழுதுகிறது. பெயரோ இறுதி வரியை எழுதியவருக்கே சேர்கிறது.

ஃபாக்னரின் கதையில் இந்த அறிவின் உரிமையாளர் சாம் ஃபாதர்ஸ். சிக்கசா பழங்குடித் தலைவனுக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர் அவர். ஐசக் மெக்காஸ்லின் என்னும் வெள்ளைச் சிறுவனுக்கு அவரே காட்டைக் கற்பிக்கிறார். 'ஓல்ட் பென்' என்னும் முதிய கரடியைக் காண விரும்பும் சிறுவன் முதலில் துப்பாக்கியை விட்டுச் செல்கிறான். அதுவும் போதாதென உணர்ந்து, கடிகாரத்தையும் திசைகாட்டியையும் ஒரு புதரில் தொங்கவிட்டு நடக்கிறான். அதன் பின்னரே கரடி காட்சி தருகிறது. இப்பகுதியின் அழகில் மயங்கிய வாசகர் பலர், துறவே விடுதலை என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர்.

கதை அங்கே நிற்கவில்லை என்பதே நோக்கத்தக்கது. ஐசக்குக்குப் பதினாறு வயதாகும்போது ஓல்ட் பென் கொல்லப்படுகிறது. துப்பாக்கியால் அன்று, பூன் ஹோகன்பெக்கின் கத்தியால். அதே வயதில்தான் அவன் தன் குடும்பத்தின் பழைய கணக்குப் பேரேடுகளைத் திறக்கிறான். பண்டங்களோடு மனிதரும் பதிவாகியுள்ள அவ்வேடுகளிலிருந்து, பாட்டனார் தம் அடிமைப் பெண்ணிடம் பெற்ற மகளையே பின்னர் தாயாக்கினார் என்ற கொடிய உண்மையை அவன் ஊகித்தறிகிறான். கரடியின் தடத்தை வாசிக்கக் கற்ற கண்ணே இந்த மைத் தடத்தையும் வாசிக்கிறது. இருபத்தொரு வயதில் தன் பூர்வீக நிலத்தை வேண்டாமென்று விலக்குகிறான்.

இத்துறவை எவ்வாறு மதிப்பிடுவது? அதன் நேர்மையை மறுப்பதற்கில்லை. எனினும் அவன் கைவிட்ட நிலம், அதில் உழைத்தவரின் வழித்தோன்றல்களுக்குச் செல்லவில்லை. உறவினரான எட்மண்ட்ஸ் குடும்பத்திடமே தங்கிவிடுகிறது. கையைக் கழுவுதல் வேறு, கடனைத் தீர்த்தல் வேறு. துப்பாக்கியை வைத்துவிட்டால் காட்டில் கரடி எதிர்ப்படலாம். நிலத்தை விட்டுவிடுவதால் மட்டும் அநீதிக்கு உள்ளானவருக்கு நீதி கிடைத்துவிடாது. முதலாவது செயலின் வெற்றியை இரண்டாவதற்கும் நீட்டித்ததே ஐசக்கின் பிழை எனலாம்.

ஃபாக்னர் இதனை அறியாதவர் அல்லர். அதே நூலில் இடம்பெறும் 'டெல்டா இலையுதிர்காலம்' என்னும் கதையில் எண்பதை நெருங்கிய ஐசக் மீண்டும் வேட்டை முகாமில் இருக்கிறார். கைக்குழந்தையுடன் ஒரு பெண் வருகிறாள். எட்மண்ட்ஸ் குடும்பத்து இளைஞன் கைவிட்டுச் சென்ற அவள், பேரேட்டில் பதிவான அடிமை வழியில் வந்தவளே. இழந்ததைத் திருப்பித் தரும் வாய்ப்பு வாசலுக்கே வந்து நிற்கிறது. அவரோ இளைஞன் விட்டுச் சென்ற பணத்தையும் ஒரு பழைய வேட்டைக் கொம்பையும் கொடுத்து, வடக்கே போய்த் தன் இனத்தவன் ஒருவனை மணந்துகொள்ளுமாறு அறிவுரைக்கிறார். அன்பு என்பதை மறந்துவிட்டீரா என்ற பொருள்பட அவள் கேட்பதற்கு அவரிடம் மறுமொழியில்லை. அன்று அவ்விளைஞன் சுட்டது ஒரு பெண் மான் என்பது கதையின் இறுதியில் தெரியவருகிறது. வேட்டையறம் மீறப்பட்டதும் மனித அறம் மீறப்பட்டதும் ஒரே நாளில் நிகழ்கின்றன.

எனவே 'கரடி'யைத் தனியே பிரித்து வாசிப்பது, ரூஸ்வெல்ட் சுட மறுத்தமையை மட்டும் கூறிவிட்டுக் கத்தியையும் கோலியரையும் மறந்துவிடுவதற்கு ஒப்பானது. தொகுப்பு நூல்கள் அக்கதையைத் தனியாக வெளியிடும்போது இந்த இழப்பு நேர்கிறது. சுடாமல் விடுவது கருணையின் தொடக்கம். அதை நிறைவு என்று கொண்டதாலேயே நல்லவரான ஐசக் இறுதிச் சோதனையில் தோற்கிறார். தீங்கிலிருந்து விலகியதாலேயே தம் கணக்கு முடிந்துவிட்டதென அமைதி கொள்வோர் எச்சமூகத்திலும் உளர். அவர்கள் அனைவருக்கும் இந்நூல் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது: பேரேட்டில் யாருடைய பெயருக்கு எதிரே இன்னும் நிலுவை இருக்கிறது?