164க்கு 8

1996 அக்டோபர் 21, திங்கட்கிழமை ராத்திரி நீங்கள் டி.வி.யை அணைத்தீர்களா, இல்லையா?

நாற்பதைத் தாண்டிய கிரிக்கெட் பைத்தியமாக இருந்தால் கட்டாயம் ஞாபகம் இருக்கும். பெங்களூரில் டைட்டன் கோப்பை மேட்ச். ஆஸ்திரேலியா 215. மார்க் டெய்லர் செஞ்சுரி. ஒரு நாள் ஆட்டங்களில் அவர் அடித்த ஒரே செஞ்சுரி அதுதான், அதையும் நம்மிடம்தான் அடித்துத் தொலைக்க வேண்டுமா? நம் பக்கத்தில் சச்சின் மட்டும் ஒற்றை ஆளாக வண்டியை இழுத்துக்கொண்டு போனார். 88ல் அவரும் அவுட். போர்டில் 164க்கு 8. இன்னும் 52 ரன் வேண்டும். களத்தில் நிற்பது ஸ்ரீநாத்தும் கும்ப்ளேயும். இரண்டு பேரும் பௌலர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுந்து போய்விட்டேன்.

அப்போது நான் பி.காம். முதல் வருஷம். தர்மபுரி நான்கு ரோடு பக்கம் நண்பன் வீட்டில் கலர் டி.வி. உண்டு. ‘அவ்வளவுதான்டா, போச்சு’ என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். பாதித் தூக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டது. ஏதோ கல்யாண ஊர்வலம் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் பஸ் ஸ்டாண்ட் பேப்பர் கடையில்தான் விஷயம் தெரிந்தது. கும்ப்ளேயும் ஸ்ரீநாத்தும் கடைசி வரை அவுட் ஆகாமல் அந்த 52 ரன்னையும் அடித்துவிட்டார்கள். காலரியில் உட்கார்ந்திருந்த கும்ப்ளேயின் அம்மாவை டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டினார்களாம். என் தலைமுறைக்குக் கிடைத்த மிகச் சிறந்த அரை மணி நேரங்களில் ஒன்று. அதை நான் குறட்டை விட்டுத் தீர்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பனின் அண்ணன் ஓசூரிலிருந்து வந்தார். அங்கே வாட்ச் ஃபேக்டரியில் வேலை. விஷயத்தைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாங்க செய்யற வாட்ச் பேர்ல மேட்ச் நடக்குது. நீ பாதியில எழுந்து போறியா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டைட்டன் 1984ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு இரண்டின் முதலெழுத்துகளும் சேர்ந்துதான் அந்தப் பெயர். ஃபேக்டரி ஓசூரில். ஓசூர் அன்றைக்கு தர்மபுரி மாவட்டம். குடிநீரில் ஃபுளோரைடு, வானம் பார்த்த பூமி, வேலை தேடி பெங்களூருக்குப் பஸ் ஏறும் ஜனம் என்று செய்தியில் வரும் ஒரு மாவட்டத்தின் சரக்குப் பெயரில் ஒரு சர்வதேசக் கோப்பை! பெருமையாக இருக்காதா? பத்து மேட்ச், பத்து ஊர். ஹைதராபாத்தில் ஆரம்பித்து இந்தூர், ஜெய்ப்பூர், குவாஹாட்டி எல்லாம் சுற்றிவிட்டு மும்பையில் முடிந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அது வேறு கதை. எங்களுக்கு பெங்களூர்தான் பக்கம், சுமார் 130 கிலோமீட்டர்.

அந்த வாரம் நான் ஒரு பிராயச்சித்தம் செய்தேன். அக்கவுன்டன்சி நோட்டின் கடைசிப் பக்கத்தில், டெபிட் கிரெடிட் போட வேண்டிய இடத்தில், பாயின்ட் டேபிள் போட்டேன். ஜெயித்தால் 2, மேட்ச் கைவிடப்பட்டால் 1. மூன்று அணிகள்: இந்தியா, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா. ஒவ்வொருவரும் மற்றவரோடு மூன்று முறை மோத வேண்டும். முதல் இரண்டு இடம் ஃபைனலுக்கு.

இந்தியா மூன்று முறையும் தென் ஆப்பிரிக்காவிடம் தோற்றது. பெங்களூரில் ஆஸ்திரேலியாவை ஜெயித்தது. கட்டாக்கில் ஒரு பந்துகூட வீசாமல் மேட்ச் கைவிடப்பட்டது. ஆக இந்தியாவுக்கு 3, ஆஸ்திரேலியாவுக்கு 1. நவம்பர் 1ஆம் தேதி குவாஹாட்டியில் ஆஸ்திரேலியாவும் தென் ஆப்பிரிக்காவும் மோதுகின்றன. ஆஸ்திரேலியா ஜெயித்தால் அவர்களுக்கும் 3. எனவே என்ன செய்தோம்? தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு தென் ஆப்பிரிக்காவுக்குக் கை தட்டினோம். ஆலன் டொனால்டு ஓடி வரும்போது ‘விடாதே, விடாதே’ என்று கத்தினோம். மூன்று நாள் முன்னால் ராஜ்கோட்டில் அதே ஆளைத் திட்டித் தீர்த்தவர்கள்தான்!

தென் ஆப்பிரிக்கா ஜெயித்தது. அடுத்து மொஹாலியில் ஆஸ்திரேலியாவை நாம் 5 ரன்னில் ஜெயித்தோம். நவம்பர் 6, மும்பையில் ஃபைனல். இந்தியா 220, தென் ஆப்பிரிக்கா 185. கும்ப்ளேக்கு நாலு விக்கெட். லீகில் ஆறுக்கு ஆறு ஜெயித்த டீம் ஏழாவதில் கவிழ்ந்தது.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டி முழக்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு டோர்னமென்ட் நல்லதா கெட்டதா என்று அளக்க என்னிடம் ஒரே ஒரு தராசுதான் இருக்கிறது. ஃபைனலில் யார் ஜெயித்தார்கள், எத்தனை சிக்ஸர், எத்தனை கோடி என்பதெல்லாம் அதில் ஏறாது. நம்ம டீம் ஆடாத மேட்ச்சுக்கு நம்மை உட்கார வைக்கிறதா? அவ்வளவுதான். உட்கார வைத்தால் அது டோர்னமென்ட். இல்லாவிட்டால் இந்தியா ஆடும் சில மேட்ச்கள், நடுவே நிரப்ப வேறு சில மேட்ச்கள்.

அந்தக் காலத்து முத்தரப்புப் போட்டி எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஷார்ஜா, டொரன்டோ, சிங்கப்பூர் என்று கோப்பைகளைச் சுண்டல் மாதிரி விநியோகித்தார்கள். 1999ல் மட்டும் இந்தியா 43 ஒரு நாள் மேட்ச் ஆடியது. எந்தக் கோப்பை எங்கே முடிந்தது என்று ஆடினவர்களுக்கே ஞாபகம் இருக்குமா, சந்தேகம். அப்புறம் 2000ல் ஹான்சி குரோனியே புக்கியிடம் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். டைட்டன் கோப்பையில் தென் ஆப்பிரிக்கக் கேப்டன் அவர்தான். என் நோட்டின் கடைசிப் பக்கத்தை அதற்குப் பிறகு பழைய சந்தோஷத்தோடு புரட்ட முடியவில்லை. இதையும் செலவுக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

2003 அக்டோபர், நவம்பரில் டி.வி.எஸ். கோப்பை வந்தது. இதுவும் ஓசூர் சரக்கு. மாம்பழக் கூடையை ஏற்றிக்கொண்டு பென்னாகரம் ரோட்டில் டுபுடுபுவென்று போகுமே டி.வி.எஸ். 50, 1980ல் வந்தது, அந்த வீட்டுக் கோப்பை. இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. சென்னை மேட்ச்சை மழை சாப்பிட்டது. பெங்களூரில் கில்கிறிஸ்டும் பாண்டிங்கும் ஆளுக்கொரு செஞ்சுரி அடித்து 347 எடுத்தார்கள். கொல்கத்தா ஃபைனலில் 37 ரன்னில் தோற்றோம். மூன்றே மாதத்தில், 2004 பிப்ரவரியில், கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஓசூரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கோப்பையும் போச்சு, ஓசூரும் போச்சு!

இப்போது உலகக் கோப்பைக்கு வருவோம். என் புகார் அங்கேதான்.

2007ல் வெஸ்ட் இண்டீஸில் 16 அணிகள், நாலு குரூப். மார்ச் 17 அன்று வங்கதேசம் இந்தியாவைச் சாய்த்தது. அதே நாளில் அயர்லாந்து பாகிஸ்தானைச் சாய்த்தது. இரண்டு பெரிய வீடுகளிலும் ஒரே நாளில் இழவு. அடுத்த சுற்றில் ஏப்ரல் 15 அன்று பார்படோஸில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த மேட்ச்சில் கடைசியில் ஆடியது அயர்லாந்தும் வங்கதேசமும். அயர்லாந்து ஜெயித்தது. விளையாட்டு என்றால் இதுதானே? கணக்குப் போட்டவன் ஒன்று நினைக்க, மைதானம் ஒன்று நினைக்கும்.

ஆனால் கல்லாப்பெட்டிக்கு அது பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2011ல் 14 அணிகள். 2019ல் 10தான். எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. எந்த அணிக்கும் ஒன்பது மேட்ச் நிச்சயம். அதாவது, இந்தியா மூன்றே மேட்ச்சில் மூட்டை கட்டும் ஆபத்து இல்லை. கூடவே, 2013 தொடங்கி ஐ.சி.சி. நடத்திய எந்தப் போட்டியானாலும், குரூப் பிரித்தால் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே குரூப்பில்தான். சீட்டுக் குலுக்கினால் இத்தனை முறை ஒரே மாதிரி விழுமா? எங்கள் தெரு ஏலச்சீட்டில் இப்படி விழுந்தால் சீட்டு நடத்துகிறவரின் சட்டையைப் பிடித்திருப்போம்.

வரவு செலவு படித்தவன் என்ற முறையில் எனக்கும் புரிகிறது. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் அட்டவணை குனியும். டைட்டனும் டி.வி.எஸ்.ஸும் மட்டும் தர்மம் பண்ணவா வந்தார்கள்? அவர்களும் வாட்ச் விற்க, வண்டி விற்கத்தான் வந்தார்கள். ஆனால் கோப்பையில் பெயர் போட்டுக்கொண்டதோடு சரி. யார் யாரோடு மோத வேண்டும் என்று வளைத்ததாகத் தெரியவில்லை. மூன்றே அணி இருக்கும்போது வளைக்க இடமும் இல்லை.

இதுவரைக்கும் குற்றவாளி அந்தப் பக்கம் இருந்தார். இனி நம் பக்கம்.

2023 உலகக் கோப்பை. அக்டோபர் 17, தர்மசாலா. பாலக்கோட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் செல்போனில் நெதர்லாந்து, தென் ஆப்பிரிக்கா மேட்ச்சை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உள்ளுக்குள் ஆனந்தம். இந்தியா ஆடாத மேட்ச்! என் தராசில் ஏறி நிற்கிறான் மருமகன்! நெதர்லாந்துக் கேப்டன் எட்வர்ட்ஸ் அவுட் ஆகாமல் 78. தென் ஆப்பிரிக்கா 38 ரன்னில் தோற்றது. அந்தக் கோப்பையின் மிக அழகான ராத்திரிகளில் ஒன்று.

பையன் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னடா?” என்றேன்.

“போச்சு மாமா. நான் வச்சிருந்ததுல முக்கால்வாசி சவுத் ஆப்பிரிக்கா ஆளுங்க.”

ஏதோ ஒரு ஆப். பணம் கட்டி, பதினொரு பேரைப் பொறுக்கிக் கற்பனை டீம் அமைப்பது. அவனுக்கு நெதர்லாந்தும் தெரியாது, தென் ஆப்பிரிக்காவும் வேண்டாம். சின்ன டீம் ஒன்று பெரிய டீமைக் கவிழ்க்கும் காட்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு, நாற்பத்தொன்பது ரூபாய் போன துக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என் தராசு அன்றைக்கு என்னையே ஏமாற்றியது. வேற்று டீம் மேட்ச்சுக்கு உட்கார வைத்தால் மட்டும் போதாது, எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பணம் வைத்து ஆடும் இந்த ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. நல்லது. ஆனால் பார்க்கும் பழக்கத்தைச் சட்டம் சொல்லித் தராது.

அவனைத் திட்ட வாயெடுத்தேன். சட்டென்று 164க்கு 8 ஞாபகம் வந்தது. அவனாவது கடைசிப் பந்து வரை பார்த்தான். நான் பார்த்தேனா? சச்சின் அவுட் ஆனதும் டி.வி.யை அணைத்த கோடிப் பேரில் நானும் ஒருவன்தானே? சச்சின் இருக்கும்வரைதான் பார்ப்பேன், இந்தியா இருக்கும்வரைதான் பார்ப்பேன் என்று நாம் காட்டிக்கொடுத்த பிறகுதானே, அவர்கள் அட்டவணையை அப்படி வளைத்தார்கள்? நாம் எழுந்து போகும் நேரத்தை அவர்கள் குறித்து வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த உலகக் கோப்பை 2027ல், தென் ஆப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் நடத்தத் திட்டம். மறுபடி 14 அணிகள், ஏழு ஏழாக இரண்டு குரூப், அப்புறம் சூப்பர் சிக்ஸ். சின்ன டீம்களுக்குக் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் எந்த குரூப்பில் விழும் என்று நான் பந்தயம் கட்டத் தயாராக இல்லை. உங்களுக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இந்தியா நம்ம டீம், அதில் மாற்றமில்லை. கூடவே இன்னொரு டீமைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆப்கானிஸ்தானோ, அயர்லாந்தோ, யார் தேறி வருகிறார்களோ அவர்களில் ஒன்று. காசு கட்டாமல் சும்மா பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பௌலர் பெயரை உச்சரிக்கப் பழகுங்கள். பழைய நோட்டு இருந்தால் கடைசிப் பக்கத்தில் பாயின்ட் டேபிள் போடுங்கள்.

பாலக்கோட்டு மருமகனிடம் இதைச் சொன்னேன். “சரி மாமா, நெதர்லாந்து வந்தா நான் எடுத்துக்கறேன்” என்றான். பழைய கடனைத் தீர்க்கிறான் போல.

நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். எட்டு விக்கெட் போனாலும் எழுந்திருக்க மாட்டேன். ராத்திரி எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால், கல்யாணம் என்று நினைத்துத் திரும்பிப் படுக்க மாட்டேன்.