கெவின் டுரான்ட் சொல்லாத பதில்கள்

என்.பி.ஏ. கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்த வகை நையாண்டி புதுசில்லை. மெசேஜ் பெட்டி மாதிரி ஒரு படம். இடப்பக்கம் ஒரு ரசிகர் வீரரைச் சீண்டுகிறார், வலப்பக்கம் வீரர் பதில் சொல்கிறார். ரெண்டு பக்கத்தையும் எழுதியது ஒரே ஆள். இதையெல்லாம் உட்கார்ந்து விமர்சனம் பண்ணணுமா என்று கேட்கலாம். பண்ணலாம். எழுதினவருக்குக் காது இருக்கிறதா இல்லையா என்பது இவ்வளவு சீக்கிரம் வெளிப்படுகிற வடிவம் வேறு அதிகம் இல்லை. நாலு வரி போதும்.

பகடி எழுதுகிறவர்களின் முதல் தலைவலி, நிஜமே அவர்களை முந்திவிடுவதுதான். கெவின் டுரான்ட் 2016இல் ஓக்லஹோமா சிட்டி அணியை விட்டு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் போனார். 2017 செப்டம்பரில் ட்விட்டரில் ஒருவர், கோப்பை ஆசையைத் தவிர அந்த அணியை விட்டுப் போனதற்கு ஒரு நியாயமான காரணம் சொல்லுங்க என்று அவரிடம் கேட்டார். டுரான்டின் சொந்தக் கணக்கிலிருந்தே பதில் வந்தது: அவருக்கு அந்த நிர்வாகம் பிடிக்கவில்லை, பயிற்சியாளர் பில்லி டோனவனிடம் ஆடப் பிடிக்கவில்லை, கூட இருந்த ஆட்கள் சரியில்லை என்கிற அர்த்தத்தில். கவனியுங்கள், 'எனக்கு' இல்லை, 'அவருக்கு'. வேறொரு ரகசியக் கணக்கிலிருந்து யாரோ ஒரு ரசிகர் போலப் பேச நினைத்தவர் கணக்கை மாற்ற மறந்துவிட்டார் என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். சில நாளில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு தொழில்நுட்ப மாநாட்டு மேடையில், எல்லை மீறிவிட்டேன், சிறுபிள்ளைத்தனம் என்று அவரே வருத்தம் தெரிவித்தார்.

'போனேன்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'போனார்' என்று எழுதி மாட்டிக்கொள்வது போன்ற சமாச்சாரம் இது. இந்த ஒரு விகுதிப் பிழையை எந்தப் பகடிக்காரரும் கற்பனை செய்திருக்க மாட்டார். செய்திருந்தாலும் 'ரொம்ப ஓவர்' என்று நாமே தள்ளியிருப்போம்.

அடுத்த வருஷமே இன்னொன்று. ஃபிலடெல்ஃபியா 76ஸ் அணியின் தலைமை நிர்வாகி பிரையன் கொலாஞ்சலோவுக்கு ஆதரவாக, சொந்த வீரர்களையே குறை சொல்லி எழுதிவந்த சில பெயரற்ற கணக்குகளை ஒரு விளையாட்டு இணையதளம் அம்பலப்படுத்தியது. அவற்றை நடத்தியது அவர் மனைவி என்று விசாரணை சொன்னது, 2018 ஜூனில் அவர் பதவி விலகினார். அந்தக் கணக்குகளில் ஒன்று அவருடைய சட்டைக் காலர் ரொம்பப் பெரிசு என்ற கிண்டலுக்கும் பதில் சொல்லியிருந்தது. அது சாதாரணக் காலர்தானாம்! அணி, பதவி எல்லாம் போகட்டும், காலரைச் சொன்னால் தாங்கமுடியவில்லை. கற்பனையில் எழுதுகிறவர்கள் தேடவேண்டியது இந்த மாதிரிக் காலரைத்தான்.

பெரும்பாலானவர்கள் தேடுவதில்லை. எழுத்துரு, லோகோ, நீல டிக் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், பேச்சு மட்டும் யாருடையதாகவும் இருக்காது. டுரான்ட் படத்தை எடுத்துவிட்டு லெப்ரான் ஜேம்ஸ் படத்தை ஒட்டினாலும் அதே வரி பொருந்தும் என்றால் அதில் பகடி எங்கே? 2022 நவம்பரில் எட்டு டாலருக்கு நீல டிக் கிடைக்க ஆரம்பித்ததும் லெப்ரான் பெயரில் ஒரு போலிக் கணக்கு, தான் லேக்கர்ஸ் அணியிலிருந்து மாறக் கேட்டிருப்பதாக எழுதியது. நிறைய பேர் நம்பினார்கள், சிரித்தவர்கள் பிறகுதான் சிரித்தார்கள். நம்மூரில் டிவி சேனல்களின் நியூஸ் கார்டைப் போலியாகச் செய்து வாட்ஸப்பில் சுற்றவிடுவார்களே, அதே வேலை.

'என்.பி.ஏ. சென்டெல்' இதில் நடுவில் நிற்கிறது. 'என்.பி.ஏ. சென்ட்ரல்' என்ற கணக்கைப் பார்த்துச் செய்த பகடி. அதை நம்பி ஏமாறுவதற்கே 'சென்டெல் ஆகிட்டான்' என்கிற மாதிரி ஒரு வினைச்சொல் பிறந்துவிட்டது. பெயரைக்கூடப் பார்க்காமல் பகிர்கிறவர்களைக் கேலி செய்கிறது என்று அதற்காக வாதாடலாம், எனக்கும் அதில் பாதி சம்மதம். மீதிப் பாதி இங்கே இடிக்கிறது: ஏமாந்தவர் அரை நிமிஷம் அசடு வழிந்துவிட்டுப் போய்விடுவார். சொல்லாததைச் சொன்னதாக மாட்டிக்கொண்ட வீரருக்குத் திட்டு வந்துகொண்டே இருக்கும். கணக்கில் 'பகடி' என்று எழுதியிருந்தாலும் ஸ்க்ரீன்ஷாட்டை வெட்டும்போது அதுதான் முதலில் போகும்.

அந்தத் திட்டு இப்போது வேறு மாதிரியும் வருகிறது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்துக்கான தடையை நீக்கி, முடிவை மாநிலங்களிடம் விட்டது. அதன்பின் ஒரு வீரர் எத்தனை ரீபவுண்ட் எடுப்பார் என்பதற்குக்கூடப் போனிலேயே பணம் கட்டலாம். கிளீவ்லேண்ட் பயிற்சியாளராக இருந்த ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப், தன் போன் நம்பரையே சூதாடிகள் கண்டுபிடித்து மிரட்டியதாக 2024இல் சொன்னார். இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன், பாதி உலகத்துக்கு நான் வெறும் பந்தயப் பொருள்தான் என்கிற மாதிரிப் பேசியதும் அதே மாதம்தான்.

இந்தக் கூட்டத்தைப் பற்றி நல்ல பகடி இன்னும் போதுமான அளவு வரவில்லை என்பது என் குறை. எல்லோரும் வீரர் வாயில் வசனம் திணிப்பதிலேயே இருக்கிறார்கள். கேலிக்குத் தோதான குரல் இடப்பக்கம் இருக்கிறது. என் முயற்சி ஒன்று, வீரருக்குப் பெயர் வைக்கவில்லை:

— தலைவா, ரெண்டு ரீபவுண்ட் கம்மியா எடுத்துட்டீங்க. எனக்கு 400 டாலர் போச்சு. அனுப்பி வைங்க.

— முழங்காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சர்ல போனேன் சார்.

— ஐயோ! ரொம்ப வருத்தமா இருக்கு. எந்த நிமிஷத்துல போனீங்க? அதுக்கு முன்னாடியே போயிருந்தா பந்தயம் ரத்தாகியிருக்குமே.

வீரர் 'பார்த்துவிட்டார்' என்ற குறியோடு நிறுத்தியிருக்கிறேன். மூன்றாவது பதிலையும் எழுதிப் பார்த்தேன், கெட்டுப்போனது.