காத்திருக்கத் தெரிந்த கத்தி

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் ஒரு பிள்ளை இருந்தாள். நடை பழகிய வயதில் குப்பி லாம்பு கவிழ்ந்து வலது கை வெந்துபோனது. புண் ஆறியது, ஆறிய விதம்தான் கொடுமை. முழங்கை மடிப்பில் தழும்பு கயிறாகத் தடித்து முன்கையை இழுத்துக் கட்டிவிட்டது. பீலியில் தண்ணீர் பிடித்தால் குடத்தை இடது கையால்தான் தூக்குவாள். ஏழு வயதில் பதுளையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது கயிறு இருந்த இடத்தில் மின்னல் வெட்டியதுபோல ஒரு கோடு. கை நீண்டது!

அந்தக் கோட்டின் கணக்கு பிற்பாடு எனக்குப் புரிந்தபோது, நல்ல மிருதங்கக் கோர்வை ஒன்று சரியாக வந்து சமத்தில் விழுந்த சந்தோஷம். இசட் பிளாஸ்டி என்பார்கள். தழும்புக் கயிற்றின் நெடுக ஒரு வெட்டு. அதன் இரு முனைகளிலிருந்தும், எதிரெதிர்ப் பக்கமாக, அதே நீளத்தில், 60 பாகைச் சாய்வில் இரண்டு வெட்டுகள். இப்போது இரண்டு முக்கோணத் தோல் மடல்கள் கையில் இருக்கின்றன. அவற்றை இடம் மாற்றி வைத்துத் தைத்துவிடுகிறார்கள். கணக்குப்படி நீளம் 75 விழுக்காடு கூடும். சாய்வு 30 பாகையானால் 25 விழுக்காடுதான். 60-ஐத் தாண்டினால் இன்னும் நீளும், ஆனால் மடல்கள் திரும்ப மறுக்கும், பக்கத்துத் தோல் இழுபடும். வெளியிலிருந்து ஒரு துண்டுத் தோலும் சேர்க்கவில்லை. அகலத்தில் சும்மா கிடந்த தளர்வை எடுத்து நீளத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இவ்வளவு சிக்கனமான அழகை வேறெந்தக் கைத்தொழிலிலும் நான் கண்டதில்லை.

கவ்வாத்து வெட்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். தேர்ந்தவர் ஒரே வீச்சில், சாய்வாக, வாது பிளக்காமல் வெட்டுவார். அதன்பிறகு அந்த மலைக்குக் கூடையோடு யாரும் போகமாட்டார்கள். துளிர் ஓங்கி மட்டத்துக்கு வரும்வரை மலை சும்மா கிடக்கும். சீரமைப்புச் சத்திரசிகிச்சையை நான் ரசிப்பதும் இதற்காகத்தான்: வெட்டுக்குப் பிறகு எத்தனை நாள் விட வேண்டும் என்று தெரிந்த கை அது.

வெந்த இடத்தில் ஒட்டத் தொடையிலிருந்து சீவி எடுக்கும் தோல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. காயத்தில் விரிக்கும்போது அதற்கென்று இரத்தம் கிடையாது. முதல் இரண்டு நாள் அடியிலிருந்து கசியும் நீரைக் குடித்தே உயிர் வைத்திருக்கும். பிறகுதான் நுண்குழாய்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும். அதற்குள் அது இம்மியும் நகரக் கூடாது.

இந்தப் பொறுமை நம் பக்கத்துப் பழைய சொத்து. புனேயில் ஒரு வைத்தியர், திப்புவின் ஆட்களால் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்கு நெற்றித் தோலால் மூக்குச் செய்த விவரம் 1794-இல் லண்டன் பத்திரிகையில் வந்தது. மெழுகுத் தகட்டில் மூக்கை வடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்கே தோலை உரித்துக் கீழே திருப்பினார். ஆனால் புருவங்களுக்கு நடுவே ஒரு சின்னக் காம்பை விட்டுவைத்தார். இரத்தம் அதன் வழியாகத்தான் வரும். ஏறத்தாழ 25-ஆம் நாள்தான் காம்பை அறுத்தார். 1814-இல் ஜோசப் கார்ப்யூ லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். எனக்கு மெழுகைவிட அந்தக் காம்புதான் பெரிதாகத் தெரிகிறது.

இன்று காயம் தைக்கும் நூலுக்கும் காத்திருக்கத் தெரியும். லாக்டிக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமும் சங்கிலியாகக் கோத்த பாலிமர் நூல், காயம் கூடும்வரை பிடித்திருந்து பிறகு உடம்பின் ஈரத்தில் தானே கரைந்துவிடும். லாக்டிக் அமிலம் வேறொன்றுமில்லை, நம் தயிரின் புளிப்பு. இதே குடும்பத்துப் பாலிமரை ஒரு கரைப்பானில் கரைத்து மருந்தைக் கலந்து, தண்ணீரில் ஊற்றி மோர் கடைவதுபோலக் கலக்கினால் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் பிறக்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போக, முடியிழையை விட மெல்லிய மணிகள் மிஞ்சும். ஊசியில் உள்ளே போய், நாளுக்குக் கொஞ்சமாகக் கரைந்து, கரைந்த அளவுக்கு மருந்தை விடுகின்றன. புரஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒரே ஊசி 1989-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மடுல்சீமை உச்சியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறவருக்கு ஒரு நாள் பேர் போகிறது, அதாவது ஒரு நாள் சம்பளம். முப்பது நாள் வேலையை ஒரு ஊசிக்குள் மடித்து வைப்பது எத்தனை பெரிய கருணை என்பது மலைக்காரருக்குத்தான் முழுக்கப் புரியும்.

இலங்கையிலேயே ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், விஜய கொடகும்புர, வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் விளக்கையே மாற்றினார். குட்டையான கனத்த கண்ணாடி. கவிழ்ந்தாலும் உருளாதபடி இரு பக்கம் தட்டை, எண்ணெய் கொட்டாதபடி திருகு மூடி. 1998-இல் ரோலக்ஸ் விருது பெற்ற அந்த விளக்கு லட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போனது. அதையும் நான் இந்தக் கலையின் கணக்கிலேயே எழுதுவேன்.

அடுத்த காம்பராப் பிள்ளைக்கு வீட்டில் நடந்தது மீதி வைத்தியம். தழும்பு மறுபடி சுருங்கிவிடாமல் இரவில் கையை நீட்டிக் கட்ட வேண்டும். மாதக்கணக்கில் அவள் அம்மா, மலையிறங்கி வந்த அசதியோடு, மட்டையை வைத்துச் சீலைத் துணியால் சுற்றுவார். "இறுக்குதா தங்கம்?" என்ற கேள்வி தினமும் சுவர் தாண்டிக் கேட்கும். இப்போது அவளே கொழுந்தெடுக்கிறாள். நடுச்செடியின் கொழுந்துக்கு எட்டும்போது முழங்கை முழுக்க நீள்கிறது. வெளுத்துப்போன அந்தக் கோட்டை நான் மட்டும் தேடிப் பார்ப்பேன்.