சட்டகம் நீங்கிய சீலை: சாம் கில்லியமின் தொங்கு ஓவியங்களை மரக்காணத்து உப்பளத்திலிருந்து வாசித்தல்

அமெரிக்க அரூப ஓவியர் சாம் கில்லியம் (1933–2022) 1968 அளவில் ஓவியச்சீலையை மரச்சட்டகத்திலிருந்து கழற்றிக் கூரையிலும் சுவரிலும் தொங்கவிட்டார். இச்செயலை 'விடுதலை' என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்கி அமைவது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. அவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் செய்முறையை நோக்க வேண்டும். நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தை அடிப்பூச்சு இடாத சீலையில் ஊற்றி, ஈரம் காயுமுன்னரே அதை மடித்தும் கசக்கியும் உலரவிட்டார். வண்ணம் மடிப்புகளில் தேங்கிப் படிந்தது. பிரித்தபோது தெரிந்த கோடுகளிற் பல தூரிகை இட்டவை அல்ல. நீர் வற்றியதால் எஞ்சியவை. மரக்காணத்து உப்பளத்தைக் கண்டவர்க்கு இது புதிதன்று. அங்கும் உவர்நீரை ஆழமற்ற பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, எஞ்சுவதை வாரிக் குவிக்கின்றனர். ஆயின் பாத்திக்கு வரப்பு வேண்டும். வரப்பு உடைந்தால் உப்பில்லை. கில்லியமும் வரப்பை ஒழிக்கவில்லை. ஓவியத்தின் விளிம்பில் சட்டகமாக நின்ற வரப்பை மடிப்பாக மாற்றிச் சீலையின் உள்ளே கொண்டுவந்தார் என்பதே பொருத்தம்.

விடுதலை வாசிப்புக்கு மற்றொரு தடையும் உண்டு. 1960களின் இறுதியில் கறுப்பினக் கலைஞரிடம் போராட்ட உருவங்களையே எதிர்பார்த்தோர் பலர். அரூபம் அவர்களுக்கு விலகலாகத் தோன்றியது. சட்டகம் கழன்றதையே அரசியலாகக் காட்டிக் கில்லியமைக் காப்பது எளிது. ஆனால் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட நாளைத் தலைப்பாகக் கொண்ட 'ஏப்ரல் 4' (1969) சட்டகத்தில் இழுத்துக் கட்டிய ஓவியமே. அவர் துயரைச் சொல்லச் சீலையை அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை.

தொங்குசீலைகளில் நடப்பது வேறு. 1969இல் வாஷிங்டன் கார்க்கரன் கலைக்கூடத்தில் அவை தொங்கியபோது, முடிச்சிடும் இடமும் துணியின் எடையுமே வடிவத்தை முடிவு செய்தன. 1975இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் வெளிச்சுவர்களில் 'கடற்குதிரைகள்' தொங்கியபோது காற்றும் சேர்ந்துகொண்டது. சலவைத்துணி காயும் கொடியே இவற்றுக்குத் தூண்டுதல் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. கில்லியம் வேறு விளக்கங்களும் தந்துள்ளார். கதை சுவையானது, பயன் குறைவு.

தமிழ் ஆய்வாளர்க்கு நெருங்கிய ஒப்புமை தேர்த்தொம்பை. அதுவும் வண்ணம் ஏற்ற துணி; சட்டகமின்றித் தொங்கி, தேர் அசைய அசைவது. எனினும் தொம்பை உருளையாகத் தைக்கப்படுவதால் ஆண்டுதோறும் அதே வடிவில் தொங்கும். கில்லியமின் சீலைக்கு அத்தகைய தையல் இல்லை. 1968இல் தனித்தனியே செய்த இரு சீலைகள், 2019இல் டியா பீக்கன் கலைக்கூடத்தில் 'இரட்டை இணைவு' என ஒரே படைப்பாகத் தொங்கின. ஆகவே பட்டியலிலுள்ள ஒரு நிழற்படத்தை மட்டும் கொண்டு இவற்றின் வடிவத்தை விவரிப்பவர், ஒரு தொங்கலை மட்டுமே விவரிக்கிறார்.